உன் இடது காது

கதிரு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உன் அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் காட்டுவதற்கு எடுத்துக்கொண்டு போனாள். நான் ஒரே முறைதான் படித்தேன். படித்து முடித்ததும் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைச் சுவரில் எறிந்தேன். கருகின காயிலைப் புதிதாகச் சுற்றித் தரச் சொல்லிக் கடையில் கொடுத்திருந்த மோட்டாரை வாங்க வந்தவர் பயந்துபோய், “ஏனுங்க, கரண்ட் அடிச்சுப் போட்டுதுங்களா?” என்று கேட்டார். கரண்ட் அடித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. தோளுக்கு மேல் வளர்ந்த மகனுக்கு அப்பன் எழுதும் கடிதம் இப்படி ஆரம்பிக்கக் கூடாதுதான். ஆனால் மூன்று நாளாக ஆற்றிப் பார்த்தும் ஆறவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். போனில் சொல்லித் தீர்க்க முடியாது, உனக்குப் போன் கேட்காது. ஒரு காலத்தில் கேட்டது. அது ஏன் நின்றுபோனது என்று உனக்குப் பாதிதான் தெரியும். மீதியைத்தான் எழுதப் போகிறேன். அவசரப்படாமல் படி.

நீ எழுதியிருந்தது இவ்வளவுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, உனக்கு ஆபரேஷன் செய்த மெட்ராஸ் டாக்டர் கோயமுத்தூரில் ஒரு கூட்டம் நடத்துகிறார். காதுக்குள் மிஷின் வைத்த பிள்ளைகளும், வைக்கப்போகிற பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் வருவார்கள். உன்னை மேடையில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ‘ஒரே ஒரு காதை வைத்துக்கொண்டு நான் கல்லூரி வரைக்கும் வந்துவிட்டேன். அந்த ஒரு காதைக் கொடுத்த டாக்டருக்கும் என் அப்பா அம்மாவுக்கும் நன்றி சொல்லப் போகிறேன்’ என்று எழுதியிருக்கிறாய். எழுத்து அழகாக இருக்கிறது. படிக்கிறவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அதில் ஒரு வரிகூட நீ மேடையில் பேசக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

உனக்குப் பதின்மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். பிழைப்பாய் என்று யாரும் சொல்லவில்லை. கண் விழித்த அன்று நீ என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: “அப்பா, ஏன் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கறீங்க?” உன் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் உன் காதுக்குப் பக்கத்தில் போய் உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தார். நீ மட்டும் திரும்பவில்லை. அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் நான் உன்னை இழுத்துக்கொண்டு அலைந்தேன். பாலக்காட்டில் எண்ணெய் விடச் சொன்னார்கள், விட்டேன். காதுக்கு வெளியே மாட்டுகிற மிஷின் வாங்கி மாட்டினேன். ‘பையன் பயந்துட்டான், தானாச் சரியாயிரும்’ என்று சொந்தக்காரர்கள் சொன்னதை நம்பினேன். அந்த ஏழெட்டு மாதத்தில் உன் காதுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவுமில்லை.

கடைசியில் மெட்ராஸுக்குப் போனோம். இரண்டு காதையும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, “வலது காது நல்லா இருக்கு, அதுல வெச்சிரலாம்” என்றார். இடது காதைப் பற்றி நான் கேட்டேன். “ஒரு காது போதும். இன்னொண்ணை அப்படியே வெச்சிருங்க. பத்து வருஷம் கழிச்சு இதைவிட நல்ல மிஷின் வரும், அப்ப அதுக்கு உதவும்” என்று சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. எங்கள் மோட்டார் தொழிலில் அப்படித்தான். புது மாடல் வரும்வரை பழையதை ஓட்டுவோம். நான் தலையை ஆட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். இங்கிலீஷில் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் உன் ஜாதகத்துக்குக் கீழே வைத்தேன். நம் கிணத்துக்கடவில் இங்கிலீஷ் படிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எதிர்க் கடை மருந்துக்காரரிடம் காட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் படித்துச் சொல்லியிருப்பார். காட்டவில்லை.

அந்த முதல் மிஷின் நன்றாக வேலை செய்தது. அதை நான் மறுக்கவில்லை, டாக்டருக்குத் தொழில் சுத்தம். காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்த வட்டையும், சட்டைக்குள் போகும் ஒயரையும், இடுப்புப் பெட்டியையும் நீ ஒரு மாதத்தில் உன் உடம்பாக்கிக்கொண்டாய். வாரத்துக்கு மூன்று நாள் உன் அம்மா உன்னைக் கோயமுத்தூருக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போனாள். அங்கே உனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஜெசிந்தா டீச்சர். போத்தனூர்க்காரப் பெண், கல்யாணமாகாதவர், மெலிந்த உடம்பு, கண்டிப்பான பேச்சு. அவர் கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவார், நீ கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் கடையில் போன் அடித்தது. எடுத்தேன். “அப்பா, நானு கதிரு. உக்கடம் பஸ் ஸ்டாண்டுல இருந்து பேசறேன். அம்மாவுக்குத் தலைவலி. அடுத்த பஸ்சுல வாரோம்.” எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்று நீயே நம்பர் போட்டு, நீயே பேசி, நான் “சரி கண்ணு, பார்த்து வாங்க” என்று சொன்னதையும் கேட்டு, “சரிப்பா” என்று வைத்தாய். நான் ரிசீவரைக் கீழே வைக்காமல் நின்றேன். அன்றைக்குக் கடையில் இருந்த எல்லாருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாதது.

அந்தப் போன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஜெசிந்தா டீச்சர் உன் அம்மாவிடம், அடுத்த முறை வரும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். உன் அம்மாவும் கொண்டுபோனாள். அதைப் படித்துவிட்டு அவர் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. மறுபடியும் சொல்லி அனுப்பினார். கத்திரி வெயில், எல்லார் தோட்டத்திலும் மோட்டார் எரிந்துகொண்டிருந்த மாதம், நான் போகவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவரே பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டார். வியர்த்துக் கொட்டியது, கையில் அந்தப் பழுப்புக் கவர். கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

“சார், சித்த நேரம் பேசணுங்க” என்றார். “கதிருக்கு வந்தது மூளைக்காய்ச்சல். அந்தக் காய்ச்சல் வந்த காதுக்குள்ள எலும்பு வளருமுங்க. வளர்ந்து அடைச்சுப்போட்டா அப்பறம் எந்த மிஷினும் உள்ள போவாது. இடது காதுல அப்பவே ஆரம்பிச்சிருக்குன்னு இதுலயே எழுதியிருக்குதுங்க. வலதுல இருக்கறது நாளைக்கே நின்னுபோனா என்ன செய்வீங்க? இப்ப மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்க. வழி இருக்கறப்பவே இடது பக்கமும் ஒண்ணு வெச்சிருங்க. வெளிநாட்டுல ரெண்டு காதுக்கும் வெக்க ஆரம்பிச்சிட்டாங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஓடற மோட்டாரைப் பிரிக்கறவன் மெக்கானிக்கே இல்லீங்க” என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பு கொடுத்தது. அவர் விடவில்லை. “இது மோட்டார் இல்லீங்க சார், உங்க பையன் காது” என்று குரலை உயர்த்தினார். ஒரு பொம்பளை, என் கடையில், என் வாடிக்கைக்காரர்கள் முன்னால். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சு போச்சா? ஒரு மிஷின் வித்துக் குடுத்தா உனக்கு எவ்வளவு கமிஷன்?” என்று கேட்டேன். நீங்க என்றுகூடச் சொல்லவில்லை. அவர் முகம் என்ன ஆனது என்று எழுத என்னால் முடியவில்லை. கவரை மேஜைமேல் வைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி, பஸ்சுக்காக வெயிலில் நின்றார். நான் அத்தோடு விட்டேனா? இல்லை. பயிற்சி நிலையத்து மேனேஜருக்குப் போன் போட்டு, உங்கள் டீச்சர் கமிஷனுக்கு ஆள் பிடிக்கிறார் என்று சொன்னேன். அடுத்த மாதம் அவர் அங்கே இல்லை. உன்னிடம், ‘டீச்சர் வேற வேலைக்குப் போய்ட்டாங்க’ என்று சொன்னேன். நீ இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாய்.

அடுத்த வருஷம் அது நடந்தது. நீ காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கையை அப்படியே நிறுத்தி, “அப்பா, நின்னுபோச்சு” என்றாய். நான் பேட்டரி மாற்றினேன். ஒயர் மாற்றினேன். உன் பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போய் மீட்டர் வைத்துப் பார்த்தேன், வெளியே எல்லாம் சரியாக இருந்தது. உள்ளே இருந்ததுதான் செத்துப்போயிருந்தது. நீ விழவில்லை, யாரும் அடிக்கவில்லை, எந்த மிஷினும் ஒரு நாள் நிற்கும், அது எனக்குத் தெரியாத விஷயமா? நாற்பது வருஷமாக நின்றுபோன மிஷினை வைத்துப் பிழைக்கிறவன் நான். மெட்ராஸில் டாக்டர் சொன்னார், “இதை எடுக்கறதுக்கு முன்னாடி இடது காதுல வெக்க முடியுமான்னு பார்க்கலாம்.” ஸ்கேன் எடுத்தார்கள். இடது காதுக்குள், மிஷினின் கம்பி போக வேண்டிய நத்தைச் சுருள் இருக்கிற இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. முழுக்க எலும்பு. “முன்னாடியே வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்” என்றார் டாக்டர்.

முன்னாடியே! அந்த மனிதருக்கு முன்னால் அந்தப் பழுப்புக் கவரைப் பிரித்துப் போட்டேன். “இதுல எழுதியிருக்கறது உங்களுக்குத் தெரியுங்களா தெரியாதுங்களா?” என்று கேட்டேன். அவர் படித்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. “அன்னைக்கு ரெண்டாவது காதுக்கு வெக்கற வழக்கம் இல்லைங்க” என்றார். வழக்கம் இல்லையாம். வழக்கம் இல்லாவிட்டால் போகட்டும். இந்தக் காது மூடிக்கொண்டிருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? நான் அவரைச் சட்டையைப் பிடிக்கப் போனேன். உன் அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் என் காதில் மெல்லச் சொன்னாள்: “அவரு சொல்லாம உட்டாரு. உங்களுக்குத்தான் அந்த டீச்சரு கடை தேடி வந்து சொன்னாங்களே.” அதற்குப் பிறகு என் கை எழவில்லை.

உன் இரண்டாவது மிஷினை அதே வலது காதில்தான் வைத்தார்கள். பழையதை எடுத்ததும் உள்ளே தழும்பும் எலும்பும் வழியை அடைத்துக்கொண்டன. புதுக் கம்பி பாதிதான் போனது. மிஷினை முதன்முதலாகப் போட்ட அன்று நீ சொன்னாய், “எல்லாமே தகரக் கூரைல மழை பேஞ்ச மாதிரி கேக்குது.” அந்த மழைக்குள்ளிருந்து நீ வார்த்தைகளைப் பொறுக்கி எடுக்க ஒன்றரை வருஷம் ஆனது. இன்றைக்கும் முகத்தைப் பார்க்காமல் உன்னால் பேச்சைப் பிடிக்க முடியாது. வகுப்பில் வாத்தியார் போர்டு பக்கம் திரும்பினால் உனக்குப் பாடம் நின்றுபோகிறது. விடுதியில் நாலு பேர் சேர்ந்து சிரித்தால் நீயும் சும்மா சிரித்து வைக்கிறாய், எனக்குத் தெரியும், பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன். நீ கிளம்பும்போது, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ என் தோளைத் தட்டி, “பரவாயில்லப்பா” என்றாய்.

இந்தப் ‘பரவாயில்லை’தான் கதிரு, என்னைக் கொல்கிறது. டாக்டரிடமும் அதையே சொன்னாய். பாதிக் கம்பி போன அன்று என்னிடமும் அதையே சொன்னாய். நல்ல பிள்ளை என்று ஊரெல்லாம் உன்னைப் பாராட்டுகிறது. எனக்கு வேண்டாம் இந்த நல்ல பிள்ளை. உன் பொருளை ஒருவன் தொலைத்துவிட்டு நின்றால், ‘தொலைத்தாய்’ என்று சொல்லப் பழகு. அப்பனாக இருந்தாலும் சொல். நீ சொல்லாமல் விட்டால் அவன் அடுத்தவன் பொருளையும் தொலைப்பான்.

போன வாரம் நான் ஜெசிந்தா டீச்சரைத் தேடிப் போனேன். போத்தனூர் வீட்டில் விசாரித்து, பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் காது கேளாத பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். வராந்தாவில் வரிசையாகச் சின்னச் செருப்புகள் கிடந்தன. அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொல்லவில்லை. “தப்பு பண்ணிப்போட்டேங்க. மன்னிச்சுக்கோங்க” என்றேன்.

“கதிரு எப்படி இருக்கான்?” என்று கேட்டார். சொன்னேன், எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டிருந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்னங்க ஆகப்போவுது?” என்றார். “உங்களால எனக்கு வேலை போச்சு, வேற வேலை கெடைச்சுது. அவனுக்குப் போன காது எங்கீங்க கெடைக்கும்? நீங்க வந்ததும் வந்தீங்க, ஒண்ணு செய்யறீங்களா? இங்க தேனுன்னு ஒரு பிள்ளை இருக்கா. நாலு வயசு. அதே காய்ச்சல். போன வருஷம் வலது காதுல வெச்சிருக்காங்க. இடதுல எலும்பு ஆரம்பிச்சிருச்சு. அவங்கப்பாகிட்டச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுபோச்சு. அச்சு அசலா உங்க மாதிரியே பேசறாரு.”

அன்றைக்கே போனேன். தென்னந்தோப்புக்காரர், வசதிக்குக் குறைவில்லாதவர், மரியாதையான மனிதர், இளநீர் வெட்டிக் கொடுத்தார். தேனு அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, என் மீசையைக் காட்டி “பூனை” என்றாள். எவ்வளவு தெளிவாகச் சொன்னாள் தெரியுமா? நான் எல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “ஏனுங்க, உங்க பையன் கதிரவன்தானுங்களே? டாக்டர் சொல்லியிருக்காரு. ஒரே காதை வெச்சுக்கிட்டு காலேஜுக்கே போய்ட்டானாமா. எம் பிள்ளைக்கும் அது போதுமுங்க. குழந்தைத் தலையை எதுக்குங்க ரெண்டாந்தடவை கீறணும்? வர்ற கூட்டத்துல உங்க பையன் பேசறானாம், கூட்டிட்டு வாரேன்” என்றார்.

புரிகிறதா கதிரு? நான் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் சொல்வதற்கு எதிராக அந்த மனிதர் காட்டிய சாட்சி நீ. நீ மேடையில் ஏறி, ஒரு காது போதும், நன்றி என்று அழகாகப் பேசிவிட்டு இறங்கினால், அந்தக் குழந்தையின் இடது காது மூடிப்போகும். இன்னும் ஆறு மாதம், எட்டு மாதம், அவ்வளவுதான் அவகாசம் என்று டீச்சர் சொல்கிறார். யார் கண்டது, தேனுவின் மிஷின் ஐம்பது வருஷம் ஓடலாம். ஓடட்டும். ஆனால் நின்றுபோனால் அவளுக்கு இன்னொரு கதவு வேண்டும், அந்தக் கதவு இன்றைக்குத் திறந்திருக்கிறது.

இரண்டாவதாக ஒன்று வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நீ பேச வேண்டாம். அது உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்ததைப் பேசு. முதல் மிஷினில் நீ போனில் பேசினதைச் சொல். அது நின்ற காலையைச் சொல். தகரக் கூரை மழையைச் சொல். ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், அந்த இன்னொரு காது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள் என்று சொல். டாக்டர் முன் வரிசையில்தான் இருப்பார். இருக்கட்டும், அவரும் கேட்கட்டும். இப்போதாவது அவர் வழக்கத்தை மாற்றிக்கொள்ளட்டும். ஜெசிந்தா டீச்சரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர் வருவாரா தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும், அவர் சொன்னது சரி என்று அவர் பெயரைச் சொல்லிச் சொல்.

அப்பாவுக்கு அவமானமாகப் போய்விடுமே என்று யோசிப்பாய். உன் புத்தி எனக்குத் தெரியும், மேடை வரைக்கும் போய்க் கடைசி நிமிஷத்தில் என் பங்கை விழுங்கிவிடுவாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன். தேனுவின் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்வதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். டீச்சர் தொண்டை வறளச் சொல்லியும் அந்த மனிதர் நம்பவில்லை. தன்னைப் போலவே வேட்டி கட்டிய ஒருத்தன், தன் பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் நம்புவார். நீ மைக்கைப் பிடித்ததும் என்னைத் தேடு. கண்டுபிடித்ததும் கையை நீட்டு. “அதோ உட்கார்ந்திருக்காரே, எங்கப்பா, அவருகிட்டச் சொன்னாங்க, அவரு கேக்கலை” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்.

நான் எழுந்து நிற்கிறேன்.

அப்பா